ரொட்டியும் சாயத்தண்ணியும் இனி சேர்ந்து வேணாம்: ஸ்லீவ், பைபாஸ் ஒப்பரேஷனுக்குப் பிறகு நம்ம அடுப்படி

வணக்கம் எல்லாருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளைப் பக்கத்துல எடை குறைக்கிற ஒப்பரேஷன் செஞ்சிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறவங்களுக்கும், அவங்களுக்கு சமைச்சுக் குடுக்கிறவங்களுக்கும்தான் இந்த வீடியோ. ஒப்பரேஷன் செய்யலாமா வேணாமான்னு இதுல பேசப்போறதில்ல, அது டொக்டரோட பேசவேண்டியது. ஆஸ்பத்திரில ஒரு தாள் குடுத்து அனுப்புவாங்க. "முதல்ல தண்ணிச் சாப்பாடு, பிறகு கூழ், பிறகு மெது சாப்பாடு"ன்னு அதுல இருக்கும். நம்ம வீட்டுல அது எந்தச் சட்டில இருந்து வரணும்னு அதுல இருக்காது. அந்த இடத்தைத்தான் இன்னைக்கு நிரப்பப் போறோம். நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். உங்க தாள்ல இருக்கிறதும் நான் சொல்றதும் ஒத்து வரலன்னா, தாளைக் கேளுங்க.

முதல்ல அளவைப் பாருங்க. இது சிரப் போத்தலோட வர்ற மூடி. இதுல 15 மில்லிலீட்டர் பிடிக்கும். பைபாஸ்னா இங்க இருதய பைபாஸ் இல்ல, இரைப்பையோட மேல் பக்கத்துல ஒரு சின்னப் பை செஞ்சு அதை நேரா சிறுகுடலோட சேர்க்கிறது. அது செஞ்சவங்களுக்கு அந்தப் புதுப் பை இந்த மூடியால ரெண்டு மூடி, கிட்டத்தட்ட 30 மில்லி. ஸ்லீவ்ல இரைப்பைல 75ல இருந்து 80 வீதம் வரைக்கும் வெட்டி எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிறது ஒரு குழாய் மாதிரி, 100, 150 மில்லி பிடிக்கும். அதுவும் முதல் வாரங்கள்ல வீங்கி இருக்கிறதால இன்னும் கம்மியாத்தான் போகும். பெரிய கோப்பைல ஊத்திக் குடுத்துட்டு "குடிக்கவே மாட்டேங்கிறா"ன்னு வீட்டுல கோபப்படுறதுல பிரயோசனம் இல்ல.

இப்ப தண்ணிக்கு வருவோம். மலையில இதுதான் பெரிய பிரச்சினை. குளிர்ல தாகமே தெரியாது. ஒப்பரேஷன் செஞ்சவங்க திரும்ப ஆஸ்பத்திரில படுக்கிறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு உடம்புல நீர் வத்திப்போறது. ஒரு நாளைக்கு ஒன்றரை லீட்டர்ல இருந்து ரெண்டு லீட்டர் உள்ள போகணும். ஒரேயடியா குடிக்க ஏலாது, அதனால காலைல எழும்புனதும் ஒன்றரை லீட்டர் கொதிச்சாறின தண்ணிய ஒரு பிளாஸ்க்ல ஊத்தி வச்சிடுங்க. இளஞ்சூடா இருந்தா குளிர் நாள்லயும் இறங்கும், பச்சைத் தண்ணி சில பேருக்கு நெஞ்சுல பிடிக்கிற மாதிரி இருக்கும். சிரப் மூடியால ஒரு மூடி, ரெண்டு மூடின்னு, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா. ஸ்ட்ரோ வச்சு உறிஞ்சவேணாம், காத்து உள்ள போய் வயிறு உப்பும். பைப்புத் தண்ணியையும் பீலித் தண்ணியையும் கொதிக்க வைக்காம குடிக்கவே கூடாது, இந்த நேரத்துல ஒரு வயித்தோட்டம் வந்தா நீர் சீக்கிரம் வத்திடும். சிறுநீர் கடும் மஞ்சளாப் போகுது, எழும்பி நிக்கும்போது தலை சுத்துதுன்னா தண்ணி காணலன்னு அர்த்தம்.

சரி, சாயத்தண்ணி. முதல் மாசம் தேயிலையே வேணாம்னுதான் பெரும்பாலும் சொல்வாங்க. பிறகு குடிக்கலாம், லேசா. ஆனா நம்ம பழக்கம் எப்படி? ஒரு கைல ரொட்டி, மத்தக் கைல கோப்பை. ஒரு கடி, ஒரு வாய். மெல்லாத ரொட்டியத் தண்ணி விட்டுத் தள்ளுறது அது. இனி அது ஆகாது. ஒரு வழி, சாப்பாடு கரைஞ்சு சீக்கிரம் இறங்கிடும், ஒரு மணித்தியாலத்துல திரும்பப் பசிக்கும், எடை குறையாது. இன்னொரு வழி, இடமில்லாம எல்லாம் மேல வந்துடும். அதனால சாப்பிடும்போது குடிக்கவேணாம். சாப்பிட்டு முடிச்சு 30 நிமிஷம் கழிச்சுத்தான் கோப்பையத் தொடணும்.

அடுத்தது சீனி. ஒரு கோப்பைக்கு மூணு தேக்கரண்டி, ஒரு நாளைக்கு அஞ்சு கோப்பைன்னா 15 தேக்கரண்டி, அதாவது 60 கிராம் சீனி. கருப்பட்டி, வெல்லம், கித்துள் பாணி எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பைபாஸ் செஞ்சவங்களுக்கு இனிப்பு நேரா சிறுகுடலுக்குள்ள விழுகும். 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிறு முறுக்கும், வயித்தால போகும். சிலருக்கு ஒண்ணுல இருந்து மூணு மணித்தியாலம் கழிச்சு ரத்தத்துல சீனி இறங்கி கை நடுங்கும், கண் இருட்டும். ஸ்லீவ் செஞ்சவங்களுக்கு இது கம்மி, ஆனா வராதுன்னு இல்ல.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் ஒண்ணு ரெண்டு நாள் தெளிவான தண்ணி மட்டும், அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிலயே முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு ரெண்டு வாரம் வரைக்கும் பாலும் வடிகட்டின சூப்பும். இங்கதான் நம்ம வீடுகள்ல ஒரு நம்பிக்கை இருக்கு: கஞ்சித் தண்ணியும் பருப்புத் தண்ணியும் குடுத்தா சத்து வந்துடும்னு. அரிசிக் கஞ்சில 100 மில்லிக்கு புரதம் ஒரு கிராம் தேறினாலே பெரிய விஷயம். பருப்பு அடில தங்கிடும், மேல இருக்கிற தண்ணில ருசி மட்டும்தான். அதனால மைசூர் பருப்பைக் குழைய அவிச்சு, பருப்போட சேர்த்து பிளெண்டர்ல அடிச்சு, கண்ணு சிறுசான வடில வடிங்க. மிளகாய் வேணாம், தேங்காய்ப்பால் வேணாம். தேங்காய்ப்பால்ல கொழுப்புத்தான் நிறைய, புரதம் சொற்பம்.

புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும், 80 வரைக்கும் போகலாம். புண் ஆறவும், எடை இறங்கும்போது தசை கரையாம இருக்கவும் இது வேணும். விலை கூடின புரோட்டீன் மா டின் வாங்க முடிஞ்சவங்க வாங்குங்க, முடியாதவங்க பயப்படவேணாம். கொழுப்பு நீக்கின பால்மா 25 கிராம், அதாவது குவிச்ச மூணு மேசைக்கரண்டி, அதுல 9 கிராம் புரதம் இருக்கு. 200 மில்லி இளஞ்சூட்டுத் தண்ணில கரைச்சு, சீனி போடாம, ஒரு மணித்தியாலமா உறிஞ்சிக் குடிங்க. பால் குடிச்சா வயிறு இரைஞ்சு வயித்தால போகுதுன்னா, தயிர் இல்லாட்டி சீனி போடாத யோகட்டுக்கு மாறுங்க.

மூணாவது வாரத்துல இருந்து கூழ். கட்டியே இல்லாம, கரண்டிய சாய்ச்சா மெதுவா வழியிற பதம். கரட், பூசணி, உருளைக்கிழங்கு நல்லா மசியும். நுவரெலியா லீக்ஸ் வீட்டுத் தோட்டத்துலயே இருக்கும், கை தானா அதுக்குத்தான் போகும், ஆனா இப்ப வேணாம். அதோட நார் எவ்வளவு அவிச்சாலும் நூலாத்தான் இருக்கும், குறுகின இடத்துல சிக்கிக்கும். போஞ்சி, முருங்கைக்காய், பேரிக்காய்த் தோல், தோடம்பழத்துல இருக்கிற வெள்ளைத் தோல் எல்லாம் அதே கதை. கோவா காத்தைக் கட்டும், அதுவும் பிறகு பார்ப்போம். முதல்ல புரதம், அதுக்குப் பிறகு மரக்கறி, இடம் மிச்சம் இருந்தாத்தான் சோறு. ஒரு வேளைக்கு ரெண்டுல இருந்து நாலு மேசைக்கரண்டி, சின்னத் தேக்கரண்டியால, 20ல இருந்து 30 நிமிஷம் எடுத்து.

அஞ்சாவது வாரம் வாக்குல மெது சாப்பாடு. அவிச்ச முட்டை, முள்ளு எடுத்து மசிச்ச டின் மீன், நல்லா வெந்த பருப்பு. சோயா மீட்டை சுடுதண்ணில ஊறவச்சு, பிழிஞ்சு, அரைச்சுட்டு சமைங்க. முழு உருண்டையா போட்டா ரப்பர் மாதிரி நிக்கும். நெத்தலிக் கருவாடுல புரதம் அள்ளி இருக்கு, ஆனா உப்பும் அப்படித்தான். ரெண்டு தண்ணில ஊறவச்சுக் கழுவி, வறுக்காம அவிச்சு மசிங்க.

ரெண்டு மாசம் கழிஞ்சவங்களுக்கு ஒரு நாள் கணக்கு சொல்றேன், எழுதிக்கோங்க. காலைல ஒரு முட்டை, 6 கிராம். பத்து மணிக்கு அந்தப் பால்மாப் பால், 9. பகலுக்கு எலும்பில்லாத கோழி 50 கிராம், 15. கூட கெட்டிப் பருப்பு மூணு கரண்டி, 5. பின்னேரம் தயிர் 100 கிராம், 4. ஆறு மணிக்கு திரும்ப பால், 9. ராவைக்கு டின் மீன் 50 கிராம், கிட்டத்தட்ட 11. இன்னொரு முட்டை வச்சா 65 கிராம் வந்துடும். இதுல ரொட்டி எங்கன்னு கேப்பீங்க. கோதுமை மா ரொட்டி, பாண், ஒட்டிக்கிற சோறு மூணும் மென்னதும் பசை உருண்டையாகி அடைக்கிற சாமான். ரொட்டி வேணும்னா ரெண்டு மூணு மாசம் கழிச்சு, மெல்லிசா தட்டி, மொறுமொறுன்னு சுட்டு, உள்ளங்கைல கால்வாசி அளவு. ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தரம் மெல்லணும். கொத்து ரொட்டிய நீங்க மறந்துடுங்க, கொஞ்ச காலத்துக்காவது.

வயிறு நிறைஞ்சதுக்கு பழைய அடையாளம் இனி வராது. விக்கல் வரும், மூக்கு ஒழுகும், தும்மல் வரும், நெஞ்செலும்புக்குக் கீழ இறுகும். இதுல ஒண்ணு வந்ததும் நிப்பாட்டிடணும். "இன்னும் ஒரு வாய்தானே"ன்னு அம்மா ஊட்டுற அந்த ஒரு வாய்தான் வாந்திய எடுக்க வைக்கும். அடைச்சிடுச்சு, வாயில நுரையா எச்சில் ஊறுதுன்னா, தண்ணி குடிச்சுத் தள்ளப் பாக்கவேணாம். எழும்பி மெதுவா நடங்க, பெரும்பாலும் இறங்கிடும். அரை நாளா தண்ணி கூட நிக்கலன்னா வீட்டுல இருக்கவேணாம்.

குளிசை விஷயம், இது ஆயுளுக்கும். மல்டிவிட்டமின், இரும்பு, கல்சியம், விட்டமின் டி, பி 12. பி 12ஐ குளிசையா தினமும் எடுக்கலாம், இல்லாட்டி மாசத்துக்கு ஒருக்கா 1000 மைக்ரோகிராம் ஊசி. இரும்பையும் கல்சியத்தையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணை ஒண்ணு தடுக்கும், ரெண்டு மணித்தியால இடைவெளி விடுங்க. கல்சியம் ஒரு தடவைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல உடம்பு எடுக்காது, அதனால நாளைக்கு 1200ல இருந்து 1500ஐ பிரிச்சுப் போடணும். கல்சியம் சிட்ரேட் கிடைச்சா நல்லது, கல்சியம் கார்பனேட்தான் கிடைக்குதுன்னா சாப்பாட்டோட போடுங்க. இரும்புக் குளிசைக்கு எதிரி நம்ம தேயிலை. சாயத்துல இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். காலைல எழும்புனதும் இரும்பு, சாயத்தண்ணி ஒன்றரை ரெண்டு மணித்தியாலம் கழிச்சு. மலையில பொம்பளைங்களுக்கு ஒப்பரேஷனுக்கு முன்னாலயே ரத்தம் கம்மியா இருக்கிறது சாதாரணம், அதனால இதுல கவனமா இருங்க. உடம்புக் கொழுப்பு குறையும்போது குளிர் முன்னவிட அதிகமாத் தெரியும், அது இயல்பு. குளிரோட மூச்சு வாங்குது, கண் இமைக்குள்ள வெளுத்திருக்குன்னா ரத்தம் பார்க்கணும். மூணாவது மாசத்துக்கும் ஆறாவது மாசத்துக்கும் இடைல முடி கொட்டும். புரதமும் இரும்பும் சரியா இருந்தா திரும்ப வளரும், எண்ணெய்க்குக் காசு செலவழிக்கவேணாம்.

சீனி வியாதி, பிரஷருக்குக் குளிசை போடுறவங்க பழைய அளவையே தொடரவேணாம், டொக்டரைக் கேட்டுக் குறைக்கணும். சாப்பாடு கால்வாசியான பிறகும் அதே இன்சுலின்னா சீனி கீழ விழுந்துடும். மூட்டு வலி, இடுப்பு வலிக்கு டிக்ளோபெனாக், இபுபுரோஃபன் வேணாம். அது தையல் போட்ட இடத்துல புண்ணாக்கும், பைபாஸ்ல இன்னும் மோசம். பனடோல் போதும். சிகரெட்டும் அதே இடத்தைத்தான் புண்ணாக்கும். சாராயம் முன்னவிட வேகமா ரத்தத்துல ஏறும். பிள்ளை பெத்துக்கிற வயசுல இருக்கிறவங்க 12ல இருந்து 18 மாசம் வரைக்கும் தள்ளிப்போடணும். கருத்தடைக் குளிசைய பைபாஸுக்குப் பிறகு நம்ப ஏலாது, கிளினிக்ல வேற முறை கேளுங்க.

வேலைக்குத் திரும்புறது. வெளில தெரியிற ஓட்டை சின்னது, அதைப் பார்த்து ஏமாறவேணாம். நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது. 10 லீட்டர் வாளித் தண்ணி 10 கிலோ. கொழுந்துப் பை, விறகுக் கட்டு எல்லாம் அதுக்கும் மேல. நடக்கிறது முதல் நாள்ல இருந்தே வேணும், கால்ல ரத்தம் கட்டாம இருக்க. ஆனா லயத்துப் படிக்கட்டையும் மலையையும் விட்டுட்டு, ரோட்டோரமா சமதரைல நடங்க. கொழும்புல இருந்து வரும்போதும் ஒவ்வொரு மணித்தியாலமும் வண்டிய நிப்பாட்டி இறங்கி நடக்கணும். வளைவு ரோட்டுல வாந்தி வர்றவங்க, கிளம்புறதுக்கு முன்னாலயே வாந்திக் குளிசை கேட்டு வாங்கிக்கோங்க.

இனி சொல்றதெல்லாம் காத்திருக்கக் கூடாதது. காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல, இடது தோள்பட்டைல வலி, குறையாத வயித்து வலி, இதெல்லாம் தையல் கசியிறதோட அறிகுறியா இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்குறது, திடீர்னு மூச்சு முட்டுறது, கறுப்பா மலம் போறது. இதுல எதுவா இருந்தாலும் 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்பியுலன்ஸைக் கூப்பிடுங்க, காசு இல்ல. நாள்கணக்கா வாந்தி எடுத்தவங்களுக்கு விட்டமின் பி 1 தீர்ந்துடும். பார்வை ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அதைப் பார்த்து சாராயம் குடிச்சிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சிடக்கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரில இருக்கிற டொக்டருக்கு உங்களுக்கு என்ன ஒப்பரேஷன்னு தெரியாது. டயக்னோசிஸ் கார்டை போன்ல படம் எடுத்து வச்சிருங்க, வீட்டுல இன்னொருத்தரோட போன்லயும். போனதும் அதைக் காட்டி மூணு விஷயம் சொல்லுங்க: என்ன ஒப்பரேஷன், எந்தத் திகதி, எத்தனை நாளா வாந்தி. குளுக்கோஸ் சேலைன் ஏத்துறதுக்கு முன்னால தயமின், அதாவது அந்த விட்டமின் பி 1 ஊசி போடணுமான்னு கேளுங்க. மூக்கு வழியா டியூப் விடணும்னு சொன்னா, ஒப்பரேஷன் செஞ்ச டொக்டரோட முதல்ல பேசச் சொல்லுங்க. அவங்க வார்ட் நம்பரும் அந்தக் கார்ட்லயே இருக்கும்.