மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

(தேனி மாவட்டம் கூடலூரில் பொங்கல் விழா மேடை. ‘சமூக ஊடகத்தால் செய்தி தெளிந்ததா, கலங்கியதா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘தெளிந்ததே’ அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனிக்குத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு இன்னும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் கூடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் 2018-இல் நடந்ததைச் சொல்லி எல்லோரையும் கலங்க வைத்துவிட்டார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிப் போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டுச் சுற்றவிட்டார்கள். இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. கத்தியால் காயும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம் என்ற பதிலையும் சொல்ல மாட்டேன். பட்டிமன்ற மேடைகளில் அந்தக் கத்தி மழுங்கிப் போய் ரொம்ப நாளாகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால் நம்ம ஊரில் செய்தி தெளிவாகவா இருந்தது?

2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கேரள எல்லைக்குள் இருந்து நமக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை. கேரள எல்லையில் குமுளிப் பாதை அடைபட்டுவிட்டது. மலைமேல் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில், கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டு வழியாக இறங்கி வந்தன. இங்கிருந்து ஆயிரக்கணக்கான ஜனம் லோயர் கேம்ப் பக்கம் திரண்டது. மலைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் அடிபட்டார்கள்? எங்கள் தெருவில் நாலு பேர் என்றார்கள். அடுத்த தெருவுக்குப் போனால் நாற்பது. அன்றைக்கு இங்கே எத்தனை பேர் கையில் வாட்ஸ்அப் இருந்தது? வதந்திக்கு ஜீப் இருந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் அதே ஜீப்பில்தான் அது இறங்கி வந்தது. பேப்பரைப் பிரித்தால் இந்தப் பக்கம் தண்ணீர் நின்றுவிடும் என்ற பயம். மலையாளப் பேப்பரில் அணை உடைந்துவிடும் என்ற பயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நமக்கு வழியே இல்லை.

என் அத்தை கேரளத்து வண்டிப்பெரியாறில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். அந்த வாரம் அவர் நலமா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று நாளாயிற்று.

அதே அணைதான், 2021 அக்டோபர். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அணையைக் கைவிட வேண்டும் என்று ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் ஒரே ஆரவாரம். மலையாள சினிமா நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இங்கே உருவபொம்மை எரிப்பு. ஆனால் அணைக்கு ஆபத்தில்லை, பீதி கிளப்பினால் நடவடிக்கை என்று அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் சொன்னாரே, அதை நாம் மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருந்தா தெரிந்துகொண்டோம்?

அப்புறம் 2024 ஜூலை 30, வயநாட்டு நிலச்சரிவு. மறுபடி அணை பயம். எனக்கே ஒரு வீடியோ வந்தது. மதகெல்லாம் பிய்த்துக்கொண்டு வெள்ளம் பாய்கிறது, ‘முல்லைப் பெரியாறு, இன்று காலை’ என்று எழுதியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஓரமாக நிற்கும் காரில் ஸ்டீயரிங் இடது பக்கம்! எந்த நாட்டு அணையோ. அத்தைக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் வாய்ஸ் மெசேஜ்: “டேய், இங்க மழையே விட்டுருச்சுடா. விடிஞ்சா கொழுந்தெடுக்கப் போகணும், பேசாமத் தூங்கு.” நடுவர் அவர்களே, வதந்தி வருகிற அதே பெட்டிக்குள் அத்தையும் இருக்கிறார். 2011-இல் வதந்தி மட்டும்தான் இருந்தது. 2021-இலோ 2024-இலோ 2011 மாதிரி குமுளிப் பாதை அடைபட்டதா? எதிரணி அக்கா தலையாட்டுகிறார், அதற்குப் போலீஸ் காரணம் என்று. சரி, போலீஸுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி.

இன்னொன்று, மொழி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மலைமேல் அரசாங்க எச்சரிக்கை மலையாளத்தில் வரும். பேசினால் அத்தைக்குப் புரியும், எழுத்து தெரியாது. லயத்துப் பையன்கள் அதைப் படித்துத் தமிழில் பேசிக் குரூப்பில் போட்டார்கள். எந்தப் பேப்பர் அந்த வேலையைச் செய்தது? விலையும் அப்படித்தான். கேரளத்துப் புத்தடியிலும் நம்ம போடியிலும் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்பது, முன்னெல்லாம் வியாபாரி சொன்னால்தான் சின்ன விவசாயிக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, அன்று மாலையே காய் காயவைக்கிற ஸ்டோர் வரைக்கும் சேதி வந்துவிட்டது. எதிரணியிலும் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் சிரிக்கிறார் பாருங்கள்.

இனிச் சொல்வது சிரிக்க அல்ல. 2020 ஆகஸ்ட் 6, மூணாறு பக்கம் பெட்டிமுடி. இரவு பத்தே முக்கால் மணி வாக்கில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த லயங்கள்மேல் விழுந்தது. எழுபது பேர். நம் தென்மாவட்டங்களில் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்கள். மழையில் மின்சாரம் இல்லை, போனுக்குச் சிக்னல் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. எதிரணி விரும்புகிற, எந்த ஃபார்வர்டும் வராத அமைதி அந்த ஒரு ராத்திரி அங்கே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கோழிக்கோட்டில் விமான விபத்து. டிவி கேமராவெல்லாம் அங்கே திரும்பிவிட்டது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது ஐந்து லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று கட்சிகளும் கேட்டன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தமிழிலும் மலையாளத்திலும் போனுக்குப் போன் தள்ளிக்கொண்டே இருந்தவர்கள், எந்தக் கேமராவும் பக்கத்தில் வராத சாதாரண ஜனங்கள். ஆகஸ்ட் 13-ஆம் தேதி கேரள முதல்வரும் ஆளுநரும் பெட்டிமுடிக்கு வந்தார்கள். 2011-இல் இது நடந்திருந்தால், நாலாம் பக்கத்தில் நாலு வரியோடு போயிருக்கும் என்பது என் கணிப்பு. எதிரணி மறுக்கட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி இறங்குகிறேன். கீழே முதல் வரிசையில் என் தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால், மேடைப் படி இறங்குவதற்குள் மறுப்பு வந்துவிடும்.