பேரரசர் வராத வாசல்: பாரிஸ் ஓபரா மாளிகையின் வரலாறு

[காட்சி: மாளிகையின் மேற்குப் பக்கம்; வளைந்து மேலேறும் சாய்தளங்கள்]

பாரிஸ் நகரின் பாலே கார்னியே ஓபரா மாளிகையைக் காண வருவோரில் பெரும்பாலோர், பொன்னிறச் சிலைகள் மின்னும் முகப்பின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு உள்ளே சென்றுவிடுகின்றனர். இந்த மாளிகை எழுந்த காரணத்தை அறிய விரும்புவோர் மேற்குப் பக்கத்துக்குத்தான் வர வேண்டும். இங்குள்ள சாய்தளங்கள், பேரரசரின் குதிரை வண்டி தெருவில் நிற்காமல் நேரே கட்டடத்துக்கே ஏறிவருவதற்காக அமைக்கப்பட்டவை.

1858 ஜனவரி 14 அன்று மாலை, பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பேரரசி யூஜெனியுடன் பழைய ஓபரா அரங்குக்கு வந்து இறங்கும் வேளையில், இத்தாலியரான ஃபெலிசே ஓர்சினியும் அவருடைய கூட்டாளிகளும் அந்த வண்டியை நோக்கி மூன்று குண்டுகளை வீசினர். பேரரசரும் பேரரசியும் தப்பினர். சுற்றி நின்றவர்களில் பலர் உயிரிழந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அரங்கம் இருந்த தெரு குறுகலானது என்பதால், அகன்ற சாலைகள் சூழ, பேரரசருக்கெனத் தனி வாசலுடன் புதிய மாளிகை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் உறுதிப்பட்டது.

வடிவமைப்புப் போட்டிக்கு 171 திட்டங்கள் வந்தன. 1861இல் வென்றவர், அதுவரை அதிகம் அறியப்படாத, 35 வயதான சார்ல் கார்னியே.

[காட்சி: அடித்தளத்தின் குறுக்குவெட்டு வரைபடம்]

வென்றவருக்கு முதல் சோதனை மண்ணுக்கு அடியில் காத்திருந்தது. பெரிய காட்சித் திரைகளை மடிக்காமல் மேடைக்குக் கீழே இறக்க வேண்டும் என்பதால் மிக ஆழமாகத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்தது. நீராவிப் பம்புகள் மாதக்கணக்கில் இரவும் பகலும் இறைத்தும் ஊற்று அடங்கவில்லை. நீரை முற்றிலும் விரட்ட முடியாது என்று கண்ட கார்னியே, இரட்டைச் சுவர் எழுப்பி, மேடைக்கு அடியில் பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் நீரைத் தேக்கினார். வெளியிலிருந்து நெருக்கும் நீரின் அழுத்தத்தை உள்ளிருக்கும் நீரின் எடையே தாங்கிக்கொள்கிறது. எதிரியாக வந்த நீரைக் கட்டடத்துக்குக் காவலாக நிறுத்திய இந்த முடிவை, மேலே உள்ள பளிங்கு வேலைப்பாடுகள் அனைத்தையும்விட உயர்ந்ததாகவே நான் மதிக்கிறேன். இதைச் சுற்றி மாளிகைக்கு அடியில் ஏரி ஒன்று இருப்பதாகக் கதைகள் எழுந்தன. உண்மையில் இந்தத் தொட்டியில் பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் இருளில் நீந்தப் பயிற்சி எடுக்கின்றனர்.

1870இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுடன் நடந்த போரில் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார், பேரரசு கவிழ்ந்தது. பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது, கட்டி முடிக்கப்படாத மாளிகை உணவுக் கிடங்காயிற்று. 1873 ஜனவரியில் பேரரசர் இங்கிலாந்தில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் பழைய ஓபரா அரங்கம் தீக்கிரையாகாதிருந்தால், பேரரசின் ஆடம்பரச் சின்னமான இந்த வேலையைப் புதிய குடியரசு இத்தனை விரைவாக முடித்திருக்குமா என்பது ஐயமே.

[காட்சி: பெரும் படிக்கட்டு, கேமரா கைப்பிடியை ஒட்டி மெதுவாக மேலேறுகிறது]

1875 ஜனவரி 5 அன்று மாளிகை திறக்கப்பட்டது. வெண்பளிங்குப் படிகள், ஆனிக்ஸ் கல்லாலான வழுவழுப்பான கைப்பிடி, சுற்றிலும் மேல்தள மாடங்கள் என்று அமைந்த இந்தப் படிக்கட்டில், ஏறுவோரை மாடங்களில் நிற்போர் பார்க்க, அவர்களை இவர்கள் அண்ணாந்து பார்க்க, திரை விலகும் முன்பே நாடகம் தொடங்கிவிடும். கார்னியே விரும்பியதும் அதுவே. ஆனால் பதினான்கு ஆண்டுகள் உழைத்த அவரே திறப்புவிழாவில் தமது இருக்கைக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது.

[காட்சி: மீண்டும் மேற்குப் பக்கம், சுவர்க் கற்கள் மிக அருகில்]

பேரரசருக்கான பகுதி மட்டும் நிறைவு பெறவில்லை. இப்போது அது ஓபராவின் நூலகமும் அருங்காட்சியகமுமாக விளங்குகிறது. கற்களை உற்றுப் பாருங்கள். எஞ்சிய மாளிகையில் விரற்கடை அளவு இடமும் விடாமல் செதுக்கியவர்கள், இங்கே சில கற்களைச் செதுக்காமல் கரடுமுரடாகவே விட்டுச் சென்றிருக்கின்றனர்.