கல்லூரி வீரரின் சம்பாத்தியத்துக்கு யார் வரம்பு போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்காதவர்களுக்குக்கூட சிமோன் பைல்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் சேருவதாக இருந்தவர் அவர். ஆனால் சேரவில்லை. 2015-ல் தொழில்முறை வீராங்கனையாகிவிட்டார். ஸ்பான்சரிடம் பணம் வாங்கினால் கல்லூரி அணியில் இடமில்லை என்பது அன்றைய விதி. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஆறு ஆண்டுகள் கழித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆல்-ரவுண்ட் தங்கம் வென்ற சுனிசா லீ, ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கல்லூரி அணிக்காகவும் ஆடினார், விளம்பர ஒப்பந்தங்களும் செய்துகொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

நடுவில் நடந்த மாற்றத்தைப் பற்றியும், அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்தைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன். கல்லூரி விளையாட்டு வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதை ஒழுங்குபடுத்த முடியுமா? முடியும் என்பதுதான் என் கருத்து. ஆனால் இதுவரை அதற்கு முயன்றவர்கள் ஒழுங்குபடுத்த வேண்டியதை விட்டுவிட்டு, வேறு ஒன்றைக் கட்டுப்படுத்தப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பு என்சிஏஏ. 1906-ல் தொடங்கியது. அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் அங்கே கல்லூரி அளவிலேயே பெரிய வியாபாரம். மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமைக்கு 2016-ல் போட்ட ஒப்பந்த நீட்டிப்பு மட்டும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர். பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்குப் பல லட்சம், சிலருக்குக் கோடி டாலர் சம்பளம். ஆடுகிற பையனுக்கும் பெண்ணுக்கும் கிடைத்தது படிப்புக்கான உதவித்தொகை, தங்குமிடம், சாப்பாடு.

அதற்கு மேல் ஒரு டாலர் வந்தாலும் குற்றம். 2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ. ஜே. கிரீன் தான் போட்டியில் அணிந்த ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார். அதற்காக நான்கு ஆட்டங்கள் உட்கார வைக்கப்பட்டார். பல்கலைக்கழகங்கள் அணி ஜெர்சிகளைக் கடை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. 2017-ல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டி லா ஹே, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைக்கும் ‘கிக்கர்’. அவருக்கு யூடியூப் சேனல் ஒன்று இருந்தது. தன் விளையாட்டைக் காட்டும் காணொளிகளில் விளம்பரக் காசு வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அவர் ஏற்கவில்லை. அணியில் இடம் போனது, உதவித்தொகையும் போனது. தன் முகத்தை வைத்துத் தான் எடுத்த காணொளிக்குத்தான் இந்தத் தண்டனை. இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கட்டடத்தில் முதல் விரிசலை உண்டாக்கியவர் எட் ஓபேனன். 1995-ல் யுசிஎல்ஏ அணி கூடைப்பந்துச் சாம்பியன் ஆனபோது அதில் ஆடியவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் ஆட்டக்காரரைப் பார்த்தார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, ஒரு காசும் கொடுக்கவில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தியதற்குப் பணம் தரக்கூடாது என்ற தடை, வியாபாரத்தில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டிச் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பின் பாதி வெட்டப்பட்டது. ஆனாலும் அடிப்படை வாதம் நின்றது.

அந்த வாதத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வந்த எல்லாச் சண்டைக்கும் வேர் அதுதான். ஓர் ஊரில் உள்ள எல்லா மில் முதலாளிகளும் ஒன்றாக உட்கார்ந்து, ‘இனி யாரும் தொழிலாளிக்கு இவ்வளவுக்கு மேல் கூலி தரக்கூடாது’ என்று பேசி வைத்துக்கொண்டால் சட்டம் விடுமா? விடாது. பல்கலைக்கழகங்கள் செய்ததும் அதேதான். ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய நிறுவனங்கள் ஒரு சங்கம் வைத்து, வீரர்களுக்குத் தருவதற்கு ஓர் உச்சவரம்பு குறித்துக்கொண்டன. கல்லூரி விளையாட்டு என்றால் அமெச்சூர் விளையாட்டு, பணம் கலந்தால் ரசிகர்கள் போய்விடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நேரடியாக விளம்பர வருமானம் பற்றியது அல்ல. கணினி, மேற்படிப்புச் செலவு போன்ற கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு போடலாமா என்பதுதான் கேள்வி. ஆனால் நீதிபதி பிரெட் கவனா தனியாக எழுதிய குறிப்பு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. தொழிலாளிக்குச் சந்தை விலை தராமல் இருப்பதுதான் எங்கள் சரக்கின் சிறப்பு என்று அமெரிக்காவில் வேறு எந்தத் தொழிலும் சொல்லித் தப்பிக்க முடியாது என்று அவர் எழுதினார்.

மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. 2019 செப்டம்பரிலேயே கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: மாணவர் விளம்பரத்தில் சம்பாதித்தால் கல்லூரி அவரைத் தண்டிக்கக் கூடாது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2021 ஜூலை 1 முதல் என்சிஏஏ வேறு வழியில்லாமல் தடையைக் கைவிட்டது.

அப்புறம் நடந்தது வெள்ளம்தான். ஆனால் அதில் நல்லது நிறைய உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் கல்லூரியில் இருக்கும்போதே நைக்கி, கேட்டரேட் போன்ற நிறுவனங்களின் முகமானார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஜிம்னாஸ்ட் லிவி டன் சமூக ஊடகப் புகழை வைத்துப் பெரும் வருமானம் ஈட்டினார். பட்டம் வாங்கியபின் சம்பாதிக்கத் தொழில்முறை லீக் எதுவும் இல்லாத விளையாட்டு அவருடையது. அவருக்குக் கல்லூரிக் காலம்தான் சம்பாதிக்கும் காலம். பழைய விதி இப்படிப்பட்ட பெண்களுக்குச் செய்த அநியாயத்தை யாரும் கணக்குப் போட்டதே இல்லை.

சிக்கல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் பணக்கார ரசிகர்கள் உண்டு. அவர்கள் சேர்ந்து ‘கலெக்டிவ்’ என்ற பெயரில் நிதிக்குழுக்கள் அமைத்தார்கள். விளம்பர ஒப்பந்தம் என்று காகிதத்தில் இருக்கும். உண்மையில் அது நல்ல ஆட்டக்காரரைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்கக் கொடுக்கும் பணம். அமெரிக்கக் கால்பந்து அணியின் முக்கிய ஆட்டக்காரரான ஒரு குவாட்டர்பேக் ஓட்டலுக்கு விளம்பரம் செய்தால் அந்த ஓட்டலுக்கு ஆள் வருவார்கள், சரி. எந்தச் சரக்கும் விற்காத ஒரு குழு அவருக்கு லட்சக்கணக்கில் ஏன் கொடுக்கிறது?

இதைத் தடுக்க என்சிஏஏ முயன்றது. டென்னசி பல்கலைக்கழகத்தை விசாரிக்கத் தொடங்கியது. டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரி 23 அன்று நீதிபதி கிளிஃப்டன் கார்க்கர் என்சிஏஏவின் விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார்: ஒரு மாணவர் எந்தக் கல்லூரி என்று முடிவு செய்வதற்கு முன்பே, அங்கே என்ன கிடைக்கும் என்று பேரம் பேச அவருக்கு உரிமை உண்டு. அடுத்த சில நாட்களில் என்சிஏஏ அப்படிப்பட்ட விசாரணைகளையே நிறுத்தி வைத்தது.

மாநிலங்களிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அலபாமா 2021-ல் ஒரு சட்டம் போட்டது. பக்கத்து மாநிலங்களைவிடத் தன் சட்டம் கடுமையாக இருக்கிறது, நல்ல வீரர்கள் வேறு இடம் போய்விடுவார்கள் என்ற கவலையில் 2022-ல் அதைத் தானே ரத்து செய்துவிட்டது. தன் ஊர் அணி தோற்கும்படியான சட்டத்தை எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் போட மாட்டார்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2025 ஜூன் 6 அன்று அதே கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கு அது. பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. கல்லூரிகளே இனி வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வெளியார் தரும் ஒப்பந்தம் 600 டாலரைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். கல்லூரியோடு தொடர்புள்ள ஆட்கள் தரும் பணம் உண்மையான வியாபாரத்துக்குத்தானா, நியாயமான விலையா என்று ஒரு புதிய ஆணையம் பார்க்கும். அதற்கான மென்பொருளை டெலாய்ட் நிறுவனம் நடத்துகிறது.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. என் சந்தேகம் என்னவென்றால், ஒரு இருபது வயதுக் கூடைப்பந்து வீரரின் முகத்துக்கு நியாயமான விலை எவ்வளவு என்று எந்த மென்பொருள் சொல்லும்? ஒரு விளம்பரத்துக்கு நிறுவனம் எவ்வளவு கொடுக்கிறதோ அதுதான் அதன் விலை. ஆணையம் வேலை தொடங்கிய சில வாரங்களிலேயே கலெக்டிவ்களின் ஒப்பந்தங்கள் செல்லுமா என்பதில் தகராறு வந்து, ஆணையம் தன் வழிகாட்டுதலைத் திருத்த வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகளுக்கும் சம்பள உச்சவரம்பு இருக்கிறதே, அதை மட்டும் நீதிமன்றம் ஏன் உடைக்கவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே வீரர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. சங்கம் பேரம் பேசி, பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு, வரம்புக்குக் கையெழுத்துப் போட்டது. கூட்டுப் பேரத்தில் பிறந்த விதிக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. கல்லூரிகள் அந்த வரம்பை விரும்புகின்றன, ஆனால் சங்கத்தை விரும்பவில்லை. வீரர்களைத் தொழிலாளர் என்று ஒப்புக்கொள்ளவும் தயாரில்லை. இது இன்று நேற்று வந்த பிடிவாதம் அல்ல. 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். அவர் தொழிலாளி அல்ல என்று 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. ஆண்டு முடிவில் மனு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வந்த ஸ்கோர் மசோதாவும் கல்லூரிகளுக்குப் போட்டிச் சட்டப் பாதுகாப்பு தருகிறது, வீரர்கள் தொழிலாளர்கள் ஆக முடியாது என்றும் சொல்கிறது. வரம்பு வேண்டுமானால் அந்த இளைஞர்களோடு மேசையில் உட்கார்ந்து பேசித்தான் வாங்க வேண்டும். வேறு எந்த வழியில் போட்டாலும் அடுத்த வழக்கில் உடையும் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் உடனே ஒழுங்குபடுத்த வேண்டியது எது? ஒப்பந்தம். ஃபுளோரிடாவில் ஜெர்வான் டெக்ஸ்டர் என்ற வீரர் 2022-ல் சுமார் 4 லட்சத்து 36 ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்தோடு கையெழுத்திட்டார். பதிலுக்கு, என்எஃப்எல்லில் அவர் சம்பாதிப்பதில் 15 சதவீதம், 25 ஆண்டுகளுக்கு அவர்களுக்கு. 2023-ல் அவர் நீதிமன்றம் போனார். என்எஃப்எல் வீரர் சங்கம் ஏஜென்ட்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தப் பணத்தில் கொடுக்க விடாது. கல்லூரி வீரருக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு வரம்பு இல்லை. ஜேடன் ரஷாடா என்ற பள்ளி மாணவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வருவதற்காக சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலர் ஒப்பந்தம் பேசப்பட்டு, பணம் வராமல் போய், 2024-ல் அவர் பயிற்சியாளர் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தார். ஏஜென்ட் உரிமம், கட்டண வரம்பு, எதிர்காலச் சம்பளத்தை அடகு வைக்கத் தடை, கையெழுத்திட்டபின் யோசித்து விலகச் சில நாள் அவகாசம், கொடுத்த வாக்கை நிறைவேற்றாத நிதிக்குழுவுக்கு அபராதம்: இதில் எதற்கும் ஒருவர் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று சொல்ல வேண்டியதில்லை. போட்டிச் சட்டம் குறுக்கே நிற்காது. நாடாளுமன்றம் ஒரே கூட்டத் தொடரில் செய்யக்கூடிய வேலை இது.

கடைசியாக, நம் பிள்ளைகளைத் தொடும் ஒரு விஷயம். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டுதலில் 2018-லும் 2022-லும் என்சிஏஏ சாம்பியன் ஆனார். அவரைப் போல டென்னிஸ், நீச்சல், தடகளம் என்று இங்கிருந்து போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மாணவருக்கான எஃப்-1 விசாவில் போவார்கள். அந்த விசாவில் அனுமதி இல்லாமல் அமெரிக்க மண்ணில் வேலை செய்யக் கூடாது. விளம்பரத்தில் நடிப்பது வேலைதானே? கனடா நாட்டவரான ஸாக் ஈடி பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருமுறை நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஆனார். சக அமெரிக்க வீரர்களைப் போல அவரால் சம்பாதிக்க முடியவில்லை. காங்கோவில் பிறந்த ஆஸ்கார் ஷிப்வே, கென்டக்கி அணி 2022-ல் பஹாமாஸுக்கு ஆடப் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே இருந்த அந்தச் சில நாட்களில் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். ஒரு சமூக ஊடகப் பதிவுக்கு இவ்வளவு தருகிறோம் என்று கடைக்காரர் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பினால், பதில் போடுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கல்லூரி விளையாட்டுத் துறையும் பயிற்சியாளரும் பரவாயில்லை என்று சொன்னாலும், விசா விஷயத்தில் முடிவு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இங்கிருந்து வழியனுப்பும் பெற்றோர், உதவித்தொகைக் கடிதத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வணக்கம்.