துணைக்கு வர்றியாடி?

(மகளிர் தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, நோயாளிகளை மதியத்துக்கு மேல் வரச்சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அவர்களே, குழுக்கடன் என்று போய் நின்றால் முகம் சுளிக்காத வங்கி மேலாளர் அவர்களே (இது அபூர்வம், அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன், வங்கி மேலாளர் அவர்களே), பந்தல் போட்டவர்களே, மைக்செட் தம்பி, பின்வரிசையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி எங்கள் குழுப் பெண்களுக்குச் சேர வேண்டியது. பொன்னாடை போர்த்திய எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒரு பொன்னாடை விலையில் கழிப்பறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் ஒன்று போட்டுவிடலாம். அந்தக் கணக்கைப் பிறகு பேசுகிறேன்.

'பெண்களின் நட்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் பேசுவதாக நினைத்து வந்தேன். பழைய இலக்கியத்தில் பெண் நட்பு, கல்யாணத்துக்குப் பிறகு அந்த நட்பு என்ன ஆகிறது, முதுமையில் பெண்ணுக்குப் பெண் துணை.

அதற்கு முன் என் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அடம்பன் கொடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆட்டுக் குளம்பு போல இலை, ஊதாப்பூ, மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கும். ஒற்றைக் கொடியைச் சின்னப் பிள்ளை பிய்த்துவிடும். நாலைந்து சேர்ந்து முறுக்கிக்கொண்டால் பெரிய ஆள் இழுத்தாலும் வராது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு.' எங்கள் ஆத்தா சொன்ன சொல். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. தலைமையாசிரியை அம்மா சிரிக்கிறார்கள், அவர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று ஊரெல்லாம் பேசுகிறது. அதற்கென்று மேடையில் சொல்லக் கூசுகிற பழமொழிகூட நம்மிடம் உண்டு. பூம்புகார்ப் பக்கத்துக்காரர்கள் நாம் அதை நம்பலாமா? சிலப்பதிகாரத்தில் கண்ணகி தெரியும், மாதவி தெரியும். கண்ணகியின் தோழி தேவந்தியை எத்தனை பேருக்குத் தெரியும்? அவள் கணவனும் அவளை விட்டுப் போனவன்தான். கணவனைப் பிரிந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். தான் கண்ட கெட்ட கனவைக் கண்ணகி யாரிடம் சொன்னாள்? தாயிடம் இல்லை, மாமியாரிடம் இல்லை, தேவந்தியிடம். காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு துறைகள் இருக்கின்றன, முழுகிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு சேர்ந்து வாழலாம் என்று தேவந்தி வழி சொல்கிறாள். 'பீடன்று', அது பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். மறுத்ததற்காகத் தேவந்தி கோபித்துக்கொள்ளவில்லை. தான் சொன்னபடிதான் தோழி கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்கவும் இல்லை. நட்பு என்றால் அதுதானே?

கதை முடிந்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். கண்ணகிக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டுச் செவிலித்தாயும் தோழியும் தேவந்தியும் புகாரிலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறார்கள். அங்கே அடைக்கலம் கொடுத்த மாதரியின் மகள் ஐயையையும் சேர்த்துக்கொண்டு வையைக் கரையோடு மலைநாடு வரை போகிறார்கள். இறந்துபோன தோழிக்காக இத்தனை தூரம். இன்றைக்குப் பேருந்திலேயே போனாலும் இடுப்பு விட்டுப்போகும்.

அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். சிரிக்காதீர்கள். இந்த நாலு பெண்களும் வழியில் எங்கே ஒதுங்கினார்கள்? இளங்கோவடிகள் அதையெல்லாம் பாடவில்லை. அன்றைக்குக் காடு இருந்தது, மறைவு இருந்தது. இன்றைக்குக் காட்டை அழித்துப் பேருந்து நிலையம் கட்டியிருக்கிறோம்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். ஆண்களுக்குக் கல்யாணம் ஆனாலும் அதே டீக்கடை, அதே பெஞ்சு, அதே நாலு பேர். பெண்ணுக்கு? பள்ளிக்கூடத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் ஒருத்தி வேதாரண்யத்தில், இன்னொருத்தி திருப்பூரில். போன் போட்டால் 'அப்புறம் பேசறேன்டி, அவங்க வந்துட்டாங்க' என்று வைத்துவிடுவாள். புகுந்த ஊரில் அவளுக்குப் புதிதாகச் சிநேகிதி கிடைத்தது எங்கே என்று கேளுங்கள். தண்ணீர்க் குழாயடியில். அதை விட்டால் கருவேலங்காட்டில்.

ஆமாம், வெட்கப்படாமல் சொல்கிறேன். இருட்டின பிறகு தனியாகப் போக முடியாது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட வேண்டும், 'துணைக்கு வர்றியாடி?' பாம்புக்கு ஒருத்தி டார்ச் அடிப்பாள், சாலையில் வண்டி வெளிச்சம் வருகிறதா என்று ஒருத்தி பார்ப்பாள். வெளிச்சம் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், போன பிறகு உட்கார வேண்டும். மாமியார் அடித்ததை, மூன்றாவதும் பெண்ணாகப் போய்விடுமோ என்கிற பயத்தை, வட்டிக்காரன் வாசலில் நின்றதை, வீட்டில் பேச முடியாத எல்லாவற்றையும் பெண்கள் பேசியது அங்கேதான். எங்கள் ஊரில் குழு ஆரம்பிக்க அதிகாரிகள் வந்து உறுப்பினர் பெயர் கேட்டபோது, ராத்திரி சேர்ந்து போகிற பெண்களின் பெயரைத்தான் வரிசையாகச் சொன்னோம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம். 1992-இல் நபார்டு என்கிற தேசிய வேளாண் ஊரக வளர்ச்சி வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. இது மேலாளர் ஐயா நன்றாகவே அறிந்த வரலாறு. பணம் வந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருநாள் வீட்டை விட்டு வெளியே வந்து பாயில் வட்டமாக உட்கார ஒரு பெண்ணுக்குக் காரணம் கிடைத்ததே, அதை நான் கடனைவிடப் பெரிதாக மதிக்கிறேன். 'எங்கடி போறே?' என்றால் 'குழுக் கூட்டத்துக்கு.' தீர்மானப் புத்தகத்தில் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடுவதற்காகவே எழுதப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைக்குத் தெருவுக்கு நாலு தனியார் கம்பெனி மைக்ரோ ஃபைனான்ஸ் என்று வந்து நிற்கிறது. அதுவும் குழு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் ஜாமீன் போட வைக்கிறார்கள். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். வசூல்காரன் நிழலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருப்பான். நேற்று வரை துணைக்கு வந்தவள் இன்றைக்குத் தண்டலுக்கு வருகிறாள். சிநேகத்தை அடமானமாகப் பிடிக்கிற இந்த வியாபாரத்தைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போட்டுப் பேச வேண்டும்.

இப்போது ஒரு கதை. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு வேண்டிய அக்கா ஒருத்தர், கருவாடு விற்கிறவர். விடிகாலை நாலு மணிக்குக் கூடையோடு கிளம்பினால் வீடு திரும்ப மூன்று மணி ஆகும். சந்தையில் கழிப்பறை உண்டு. திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு, டைல்ஸ் உண்டு, வாசலில் பெண் படம்கூட அழகாக வரைந்திருந்தது. கதவில் பெரிய பூட்டு. சாவி யாரிடம்? ஒப்பந்தக்காரரிடம் என்றார்கள். ஒப்பந்தக்காரர் எங்கே? ஒப்பந்தம் முடிந்து போனமாதமே போய்விட்டார். அக்கா என்ன செய்வார்? தண்ணீர் குடிக்க மாட்டார். சித்திரை வெயிலில் உப்புக் கருவாட்டுக்குப் பக்கத்தில் பதினோரு மணி நேரம், தொண்டையை நனைக்க ஒரு வாய், அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களைக் கேட்கவே வேண்டாம். ஒருநாள் குளிர்க்காய்ச்சல் வந்து சந்தையிலேயே சுருண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் சிறுநீர்த் தொற்று என்றார்கள். மருத்துவர் அம்மா தலையாட்டுகிறார்கள், அவர்களுக்கு இது தினசரிக் கதை.

அக்கா படுத்திருந்த நாட்களில் அவர் கூடையைப் பக்கத்துப் பெண்கள் முறைபோட்டு விற்றார்கள். பூக்காரி கருவாடு விற்றால் எப்படியிருக்கும்? அவள் கையில் மல்லிகையும் நெத்திலியும் கலந்து ஒரு வாசனை! வாங்க வந்தவர் 'என்னம்மா, பூவுல கருவாட்டு நாத்தம்' என்றாராம். 'சாமிக்கா, சம்சாரத்துக்கா? சம்சாரத்துக்குன்னா மணக்கும்' என்றாளாம் இவள். ஆனால் விற்ற காசை எண்ணி, சுருக்குப்பையில் கட்டி, சாயங்காலம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு ரூபாய் குறையவில்லை.

அக்கா எழுந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் சொல், 'மனு கொடுக்கணும்டி.' திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பத்துப் பேர் போனார்கள். கையில் மனு, கூடவே ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி, அதில் ஒரு மக்கு. அதிகாரி வாளியைப் பார்த்துவிட்டு, 'இது எதுக்கும்மா?' என்றார். அக்கா கும்பிட்டுவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னாராம், 'ஒண்ணுமில்ல சார். காலைல நாலு மணிலேந்து அடக்கி வச்சிருக்கோம். உங்க ரூமுக்குப் பின்னாடி பாத்ரூம் இருக்காமே. பத்துப் பேரும் வரிசையாப் போயிட்டு வந்துடுறோம், அப்புறமா நிதானமா மனுவைப் படிங்க.' சொல்லிவிட்டு நிஜமாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள்! அறையில் இருந்த மற்ற மனுதாரப் பெண்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். பட்டா மாற்ற வந்தவள், முதியோர் பென்ஷனுக்கு வந்த பாட்டி, யாரென்றே தெரியாதவர்கள். வரிசை தாழ்வாரம் வரை போனதாம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு! அன்று சாயங்காலமே சந்தைப் பூட்டு உடைக்கப்பட்டது. சாவி தொலைந்துபோனதால் உடைக்க வேண்டியதாயிற்று.

கைதட்டல் போதும், உட்காருங்கள். வாளி இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. கேட்டால் இரவல் தருவார்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைவீதி. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் கடைப்பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று அமைத்தார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது நாற்காலி. நாள் முழுக்க நின்றே விற்கிற பெண் ஆள் இல்லாத நேரத்தில் உட்காரலாமா கூடாதா என்று கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் நம் சட்டமன்றத்திலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது, ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று. நம் ஊர் ஜவுளிக்கடைகளுக்குப் போனால் துணியைப் பார்க்கும் முன் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைச் சொல்லாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டமன்றத்துக்குள் மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் போராடினார், அந்தக் குலத்துப் பெண்களிடையே நின்று இவர் போராடினார். 1947-இல் சட்டம் வந்தது. உள்ளே ஒரு பெண், வெளியே ஒரு பெண். ஒன்றியப் பெருந்தலைவர் அம்மா, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், நாங்கள் வெளியே இருக்கிறோம், அவ்வளவுதான் சொல்வேன்.

2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சந்தோஷம். ஏறி வருகிறோம். இறங்குகிற இடத்தில் ஒதுங்க இடம் வேண்டாமா? எங்கள் இயக்கத்தின் கோரிக்கை நீளமானது இல்லை. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பெண்கள் கழிப்பறை காலை நாலு மணிக்கே திறந்திருக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது. விளக்கு, தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி வேண்டும். பராமரிப்பை அந்தந்த வட்டார மகளிர் குழுவிடம் கொடுத்து, அந்த வேலைக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும், சேவை என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. சாவி ஒப்பந்தக்காரர் இடுப்பில் தொங்கக் கூடாது, எங்கள் கையில் இருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. முதுமை பற்றிச் சொல்ல வந்ததை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். வாழ்த்துரைக்குக் காத்திருக்கும் பெரியவர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கு இடதுபுறம் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. பந்திக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேரும் ஊரும் புரியும்படி எழுதுங்கள், கைநாட்டுக்கு மை டப்பாவும் இருக்கிறது. ஆண்களும் போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் கூடுகிறோம். வாளி கொண்டுவருகிறவர்கள் முன்கூட்டியே பேர் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.