புழு தின்னா மட்டும்தான் விஷம்

[திரையில்: மக்காச்சோளக் குருத்து, மிக அருகில்]

வணக்கமுங்க. உடுமலைப் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டுல நிக்கறேன். குருத்துக்குள்ள ஈர மரத்தூளாட்டம் கிடக்குது பாருங்க, அது படைப்புழு போட்ட எச்சம். 2018-ல நம்ம நாட்டுக்குள்ள நுழைஞ்ச புழு.

நேத்து சாயங்காலம் இங்க பி.டி.ங்கற உயிர் மருந்து அடிச்சிருக்குது. புழு இன்னும் உயிரோட இருக்குது. மருந்து பலிக்கலைன்னு நினைச்சிராதீங்க. குச்சியில தொட்டா சோம்பலா நெளியுது. இலையில புதுசா ஒரு கடி இல்லை. வாய் கட்டிப்போச்சு.

[திரையில்: புழுவின் குடல், வரைபடம்]

பி.டி.ங்கறது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். மண்ணுலயே இருக்கற பாக்டீரியா. இரை தீர்ந்துபோனா வித்தா, அதாவது உறக்க நிலைக்கு, மாறிக்கும். அந்த வித்தோட சேர்த்து ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்கும். அந்தப் படிகம் அப்படியே இருந்தா விஷமில்லைங்க. அதை விஷமாக்கறது புழுவேதான்!

நம்ம வயித்துல இருக்கறது அமிலம். இலை தின்னும் புழுவோட நடுக்குடல் அதுக்கு நேரெதிர், சுண்ணாம்புக் குணம். அமிலமா சுண்ணாம்பான்னு காட்டற பி.எச். அளவு 9, 10-னு போகும். அதுலதான் படிகம் கரையுது. இலையைச் செரிக்க வச்சிருக்கற நொதிகளே அந்தப் பெரிய புரதத்தை நறுக்குது. மிச்சமாகற துண்டுதான் நஞ்சு. குடல்சுவர் செல்லுல அதுக்குன்னு இருக்கற இடத்துல போய் ஒட்டும். பல துண்டு ஒண்ணுகூடி ஓட்டை போடும். ஓட்டை வழியா தண்ணி ஏறி, செல் ஊதி வெடிக்கும். குடல் செயலிழந்து சில மணி நேரத்துல தீனி நின்னுரும். உசிரு போக ரெண்டு மூணு நாள் ஆகும்.

ஒட்டற இடம் மாறிப்போன புழு தப்பிச்சுக்கும். இந்த நஞ்சுப் புரதத்தைச் செடியே உண்டாக்கற பி.டி. பருத்தி நம்ம நாட்டுல 2002-ல அனுமதியாகி வந்துச்சு. இன்னிக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தக் காயையே துளைக்குதுன்னா, அதுல இதுவும் ஒரு காரணம்.

அதனால உடம்புல பட்டா போதாது, புழு தின்னாகணும். பொடிப்புழுவா இருக்கறப்பவே அடிங்க. கதிருக்குள்ள போன புழுவுக்கு மருந்து எட்டாது. வெயில்ல இது சீக்கிரம் வீரியம் இழந்துரும், அதான் சாயங்காலம் அடிக்கறது.

[திரையில்: மல்பெரித் தோட்டம்]

இனிச் சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இந்த பாக்டீரியாவை முதல்ல பார்த்தது எங்க தெரியுமுங்களா? ஜப்பான்ல, 1901-ல, செத்துக்கிட்டிருந்த பட்டுப்புழுவுல. கண்டவர் இஷிவாடா. இன்னிக்கு வழங்கற பேரு 1911-ல ஜெர்மனியில பெர்லினர் ஆராய்ச்சிக்கு அப்புறம் வந்தது.

பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிக் குஞ்சுதானுங்க. அதே சுண்ணாம்புக் குணமுள்ள குடல். உடுமலையிலயும் கோபியிலயும் மக்காச்சோளத்துக்கும் மல்பெரிக்கும் நடுவுல பல இடத்துல ஒரு வரப்புதான். காத்துல வந்த மருந்து பட்ட தழையை வெட்டித் தட்டுல போட்டா, ராத்திரியெல்லாம் மழை பேஞ்சாப்புல மேய்ஞ்ச புழு காலையில தழையைத் தொடாமக் கிடக்கும். ஒரு குடும்பத்தோட அந்த மாச வருமானமே அந்தத் தட்டுலதான் இருக்குது. மல்பெரி வரப்பை ஒட்டின காட்டுல பி.டி. வேண்டாமுங்க.