ஆலோசனை மேசையில் எழும் கேள்விக்கு விடை தேடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

மரபணு ஆலோசகர் என்று நான் அறிமுகம் செய்துகொண்டதும், காரைக்குடிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "மாமன் மகளைக் கட்டலாமா, கூடாதா?" பேசி முடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு வந்து கேட்பவர்களும் உண்டு. கட்டு, கட்டாதே என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எங்களுடையது இல்லை. குடும்பத்தில் என்ன நோய் இருக்கிறது, அது தலைமுறைகளில் எப்படி இறங்கி வருகிறது, அதற்கு என்ன பரிசோதனை உண்டு, அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்வோம். முடிவு அவர்களுடையது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதற்கு அடுத்த கட்டம். இப்படி நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஆலோசகர், வேலையை விடாமலேயே ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள்வதற்கான ஃபெல்லோஷிப்கள், அதாவது பணமும் வழிகாட்டலும் தரும் பயிற்சி ஏற்பாடுகள். கேட்பதற்கு எங்களுடைய வீட்டு விவகாரம் போலத் தோன்றும். உங்கள் வீட்டு விவகாரமும்தான் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அந்த மாமன் மகள் கணக்கைப் பார்ப்போம். துளி உறவும் இல்லாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்கும் பெரிய பிறவிக் குறைபாடு இருக்க நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் வாய்ப்பு உண்டு. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் அதற்கு மேல் 1.7 முதல் 2.8 சதவீதம் வரை கூடும். எங்கள் மேசையில் அன்றாடம் சொல்லப்படும் எண் இது. அமெரிக்காவின் தேசிய மரபணு ஆலோசகர் சங்கம் 2002-இல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. அந்தப் பரிந்துரையை எழுதிய குழுவுக்கு முன்நின்றவர் ராபின் பென்னெட். அவரும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு மரபணு ஆலோசகர்தான். அதற்கு முன்பே, 1995-இல், வம்சாவளி வரைபடத்துக்கு எல்லோரும் ஒரே குறியீடுகளைப் பயன்படுத்த வேண்டும் என்று வகுத்துக் கொடுத்த குழுவிலும் முதன்மையானவர் அவரே. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், ரத்த உறவில் மணந்த தம்பதிக்கு இரட்டைக் கோடு. இன்று நான் காரைக்குடியில் போடும் இரட்டைக் கோட்டை சிகாகோவில் இருப்பவரும் அப்படியே படித்துவிடுவார்.

நோயாளியின் எதிரில் உட்காருபவருக்கே எழும் கேள்விகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் குழாய்களோடு இருப்பவருக்கு அவை எழ வாய்ப்பே இல்லை. அந்த 1.7, 2.8 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி ஒரே ஜோடி, அந்த ஓர் உறவு மட்டும்தான் என்று இருக்கும் தம்பதிக்கு அது பொருந்தும். நம் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தை மகனைக் கட்டியிருப்பார். பெண்ணின் ஐயாவும் உறவுக்குள்ளேயே முடித்திருப்பார். வேறு சில சமூகங்களில் அக்காள் மகளைக் கட்டும் வழக்கமும் இருக்கிறது. அங்கே பிள்ளைக்கு இரு வழியிலும் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று, மாமன் மகள் உறவில் அது பதினாறில் ஒன்று. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழ விழ, புத்தகத்து எண்ணை அப்படியே எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த உறவில் மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11 சதவீதம். இந்தக் கேள்வியைக் கேட்கவும் விடை தேடவும் இதைவிடப் பொருத்தமான இடம் எது?

நகரத்தார் குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் பொதுவாகப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில்கள்தாம். ஆனாலும் சகோதர முறை என்று ஒருவருக்கொருவர் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. கட்டுக்கோப்பான ஏற்பாடு. ஆனால் கோயில் தகப்பன் வழியில் மட்டுமே இறங்குகிறது. மரபணுவுக்கு அம்மா வழி, அப்பா வழி என்ற பேதம் கிடையாது. கோயில் வேறாக இருந்தும், அம்மா வழியில் நெருங்கிய ரத்தமாக இருப்பவர்கள் ஏராளம்.

கானாடுகாத்தான் பக்கத்து வீடு ஒன்றில், வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஓர் ஆச்சியிடம் வம்சாவளி கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேரனுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. ஆச்சிக்கு எழுத்துப் பழக்கம் குறைவு, ஞாபகசக்திக்குக் குறைவில்லை. விலாசத்தின், அதாவது பெயருக்கு முன்னால் வரிசையாகப் போடும் முன்னோர் பெயர்களின், ஒவ்வொரு முதலெழுத்தையும் பிடித்துக்கொண்டு, இது பாட்டனார், இது பூட்டனார், இவர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர், இவருக்கு இரண்டு தாரம் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். நான் சதுரமும் வட்டமுமாகப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இவரு பிள்ளை கூட்டினது" என்றார். சுவீகாரம்.

அந்த ஒரு சொல்லில் வரைபடமே மாறிவிடுகிறது. விலாசம் காட்டுவது சுவீகாரம் எடுத்த குடும்பத்தை; ரத்தம் வந்தது வேறு வீட்டிலிருந்து. பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளையையே கூட்டுவார்கள் என்பதால் முற்றிலும் அந்நியமும் இல்லை. சுவீகாரத்துக்கென்று தனிக் குறியீடு இருக்கிறது. சின்னத்துக்கு இரு பக்கமும் அடைப்புக்குறி, வளர்த்த பெற்றோரிடமிருந்து விட்டு விட்டு ஒரு கோடு. அந்தக் குறியீட்டைப் போடுவதற்கு முன் ஆச்சி அதைச் சொல்ல வேண்டுமே! எப்படிக் கேட்டால் சொல்வார்கள், எதிரில் யார் இருந்தால் சொல்ல மாட்டார்கள், கேட்காமல் விட்டால் எத்தனை வரைபடங்கள் தவறிப் போகின்றன என்பதெல்லாம் முறையாக ஆராய்ந்து பார்க்க வேண்டியவை. இதற்கு கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை. நேர்காணல் எடுக்கும் முறை, எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்ற கணக்கு, கிடைத்ததைப் பகுத்துப் பார்க்கும் பயிற்சி, எழுதும் பயிற்சி இவை இருந்தால் போதும். முதுகலைப் படிப்பில் ஒரு சிறு ஆய்வேட்டோடு இதைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறோம். வேலைக்கு வந்த பிறகு அதைத் தொடர நேரமும் இல்லை, வழிகாட்ட ஆளும் இல்லை.

அந்தக் குறையை நிரப்பத்தான் ஃபெல்லோஷிப். அமெரிக்காவில் ஜேன் எங்கல்பெர்க் நினைவு ஃபெல்லோஷிப் 1991-இல் தொடங்கியது. ஜேன் எங்கல்பெர்க் ஒரு மரபணு ஆலோசகர். அவர் மறைந்த பிறகு, குடும்பத்தாரின் அறக்கட்டளை பணம் கொடுக்க, ஆலோசகர் சங்கம் அதை நடத்தியது. அரசு போட்ட திட்டம் இல்லை, ஒரு குடும்பம் கொடுத்த பணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிடாமலேயே முனைவர் பட்டம் வரை போக, சம்பளத்தோடு வழி செய்கிறது. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019 செப்டம்பரில் தொடங்கிய 'உம்மீத்' திட்டம் பரம்பரை நோய்களுக்கானது. அரசு மருத்துவமனை மருத்துவர்களுக்கு மரபணுவியலில் பயிற்சி தருவது அதில் முக்கியமான பகுதி. நல்ல திட்டம். ஆலோசகருக்கும் அதே அக்கறையோடு ஒரு பந்தி விரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஃபெல்லோஷிப் என்றதும் எல்லோரும் தொகை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தொகை இரண்டாம்பட்சம். வாரத்தில் இரண்டு நாளாவது ஆலோசகர் நோயாளிகளைப் பார்க்காமல் ஆய்வில் உட்கார வேண்டும்; அந்த இரண்டு நாளுக்கு மாற்று ஆளைப் போட மருத்துவமனைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அது இல்லாமல் ஆலோசகர் கையில் காசோலையைக் கொடுத்துவிட்டு, ராத்திரியில் உட்கார்ந்து எழுதிக்கொள் என்றால், முதல் ஆண்டிலேயே ஆள் களைத்துவிடுவார். அதேபோல் டில்லிக்கோ பெங்களூருக்கோ மூன்று ஆண்டு வந்துவிடு என்று அழைக்கும் ஏற்பாட்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. போனவர் திரும்பி வருவது அபூர்வம்; வந்தாலும் அதற்குள் ஆச்சி இருப்பாரா? வழிகாட்டி வெளியூரில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை நேரிலும் மற்ற நாளில் தொலைபேசியிலும் பேசிக்கொள்ளலாம். பயிலுபவர் இங்கேயே இருக்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பமும் உயிர்த் தகவலியலும் துறைகளாகவே இருக்கின்றன. கணக்குப் போடவும் தரவு பார்க்கவும் துணை காரைக்குடியிலேயே உண்டு.

உள்ளூர் ஆய்வு என்ன கொடுத்துவிடும் என்று கேட்பவர்களுக்குக் கோயம்புத்தூர் உதாரணம் ஒன்று. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்து போடுவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி சில நிமிடங்களில் அதைச் சிதைத்துவிடும். அந்த நொதி இல்லாதவர்களுக்குத் தானாக மூச்சு விடும் சக்தி திரும்பவே மணிக்கணக்காகும். வைசிய சமூகத்தாரில் இந்தக் குறை இருப்பதையும், அதற்குக் காரணமான குறிப்பிட்ட மரபணு மாற்றத்தையும் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். விஷயம் தெரிந்தால் மயக்க மருத்துவர் வேறு மருந்தை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். உள்ளுக்குள்ளேயே மணம் முடிக்கும் எந்தச் சமூகத்திலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். அதற்காக எந்தச் சமூகமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வெட்கம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபெல்லோஷிப் பயிற்சியில் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது ரகசியம் காக்கும் பாடத்துக்குத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பெயரை மறைக்கச் சொல்கின்றன, ஒப்புதல் வாங்கச் சொல்கின்றன, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறச் சொல்கின்றன. சரி. ஆனால் செட்டிநாட்டில் பெயரை மறைத்து என்ன பயன்? ஊர், கோயில், மூன்று பிள்ளைகள், நடுவானவன் மலேசியாவில் என்று ஒரு வரைபடத்தை அச்சிட்டால், எந்த வீடு என்று பள்ளத்தூரில் காப்பி குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் கதி என்ன ஆகும்? வரைபடத்தில் எதை மாற்றிப் போடலாம், எதை மாற்றினால் விஞ்ஞானம் கெடும், ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய தங்கைக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக ஆகுமா என்பதையெல்லாம் இந்த ஊரின் கல்யாணச் சந்தையை அறிந்த ஒருவர்தான் யோசித்துச் செய்ய முடியும்.

இனிப் பணம். 1948-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு முந்நூறு ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். இன்று ஓர் ஆலோசகருக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று இரண்டு ஆண்டுக்கு ஆகும் செலவு, இந்தப் பக்கத்தில் நடக்கும் ஒரு நடுத்தரக் கல்யாணத்தின் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். எங்கல்பெர்க் குடும்பம் செய்ததை இங்கே ஓர் அறக்கட்டளை செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: எந்த நோயை ஆராய வேண்டும், என்ன முடிவு வர வேண்டும் என்பதில் கொடுப்பவர் தலையிடக் கூடாது. தேர்வை வெளியாட்கள் கொண்ட குழுவிடம் விட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் நாள் ஆகும். அதுவரை, மரபணு ஆலோசனைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வராதீர்கள். பெட்டகத்தில் இருக்கும் பழைய இசைகுடிமானங்களை, அதாவது நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமணப் பதிவு ஓலைகளை, புரட்டி, யார் யாரைக் கட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். இளம் வயதில் தவறியவர்களையும் சேர்த்து எழுதுங்கள். சுவீகாரம் இருந்தால் தனியாக அழைத்தாவது சொல்லிவிடுங்கள். வரும்போது முடிந்தால் ஆச்சியையும் அழைத்து வாருங்கள்.

நன்றி, வணக்கம்.