சொந்தபந்தங்களைக் குறித்து வைக்க எந்த மென்பொருள்? ரங்கூன் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

[திரை: ஒரு போனின் தொடர்புப் பட்டியல். விரல் தள்ளத் தள்ளப் பெயர்கள் ஓடுகின்றன.]

வணக்கம். ரங்கூனில் நம்மவர்கள் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் பட்டியல் இப்படித்தான் இருக்கும். "ஊ" என்று தொடங்குகிறவர்கள் ஒரு பெரிய கூட்டம். அடுத்து "டோ", "கோ", "மா". எல்லாம் பர்மியப் பெயர்களுக்கு முன்னால் வரும் மரியாதைச் சொற்கள். நடுநடுவே "மோல்மீன் மாமா", "மோல்மீன் மாமா புதுசு", "பெகு சம்பந்தி வீடு". எண்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் தைப்பூசம் நெருங்கும்போது, பெகு சம்பந்தியின் மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டானா, அவன் மனைவி பெயர் என்ன, அந்த வீட்டோடு கடைசியாக எப்போது பேசினோம் என்று கேட்டால் அந்தப் பட்டியலில் பதில் கிடைக்காது.

இந்த வேலைக்கென்றே மென்பொருள்கள் வந்திருக்கின்றன. பர்சனல் சிஆர்எம் என்று சொல்கிறார்கள். கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றிக் குறித்து வைப்பதுபோல, நாம் நம் மனிதர்களைப் பற்றிக் குறித்து வைக்கலாம். யாரை எங்கே சந்தித்தோம், பிள்ளைகள் யார், என்ன பேசினோம், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

நமக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்படுகிறது. 1962-க்குப் பிறகு கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமை ஆனபோது, எத்தனையோ குடும்பங்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போனார்கள், பாதிப் பேர் இங்கேயே இருந்தார்கள். வியாசர்பாடியில் ஒரு கிளை, திருச்சியில் ஒரு கிளை, மணிப்பூர் எல்லையில் மோரேயில் ஒரு கிளை. இன்றைக்குப் பிள்ளைகள் பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதைத் தலையில் வைத்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

சரி, எதில் எழுதுவது? எந்த மென்பொருளானாலும் இரண்டு கேள்விகளில் தேற வேண்டும் என்பது என் கருத்து. நெட் இல்லாத நாளில் திறக்குமா? அதை விட்டு விலகும் நாளில், போட்டதெல்லாம் முழுசாக வெளியே வருமா? மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

[திரை: காலண்டரில் 2021 மார்ச் மாதம்.]

முதல் கேள்வி ஏன் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். மார்ச்சில் நாடு முழுக்க மொபைல் டேட்டாவையே நிறுத்தினார்கள். விபிஎன் போட்டால்தான் திறக்கும், கரன்ட் வந்தால்தான் வேலை செய்யும் என்கிற ஒரு புத்தகத்தில் அத்தை வீட்டு எண்ணை வைக்கக் கூடாது. விவரம் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். நெட் வந்தால் நகல் மேலே போகட்டும், அது போதும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிளாக்ஸோ என்ற சேவை 2002-இல் தொடங்கியது. உங்கள் முகவரிப் புத்தகத்தை இணையத்தில் வைத்து, எப்போதும் புதுப்பித்தே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஏராளமானவர்கள் சேர்ந்தார்கள். 2008-இல் காம்காஸ்ட் அதை வாங்கியது. 2017 டிசம்பர் 31-ஆம் தேதி மூடிவிட்டார்கள். வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் தப்பித்தார்கள். இப்போது பேசப்படும் க்ளே என்ற செயலியும் 2025-இல் ஆட்டோமாட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. கைமாறுவதில் தவறில்லை. ஆனால் நம் உறவுகள் அந்தக் கம்பெனிகளைவிட நீண்ட காலம் இருக்கப்போகிறவை.

[திரை: புதுத் தொடர்பு சேர்க்கும் படிவம். "முதல் பெயர்", "குடும்பப் பெயர்" என்ற இரண்டு கட்டங்கள்.]

இப்போது பெயருக்கு வருவோம். இங்கேதான் நம் பட்டியல்கள் பாழாகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தப் படிவத்தைச் செய்தவர்கள் மனதில் குடும்பப் பெயர் இருக்கிற மனிதர்கள்தான் இருந்தார்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நமக்கும் கிடையாது, இனிஷியல்தான். ஐநா பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தாண்ட், அவ்வளவுதான். "ஊ" என்பது வயதில் மூத்த ஆண்களுக்கு வைக்கும் மரியாதை. அதை முதல் பெயர்க் கட்டத்தில் போட்டால், பர்மியப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே எழுத்தின் கீழ் குவிந்துவிடுவார்கள்.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தொடர்புகளைப் பரிமாறும் விகார்ட் என்ற பொது வடிவத்தில் பெயருக்கு ஐந்து அறைகள் உண்டு. அதில் ஒன்று முன்னொட்டு. கூகுள் கான்டாக்ட்ஸில் பெயருக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியைத் தொட்டால் அது விரியும். ஊ, டோ, கோ, மா எல்லாம் அங்கே போகட்டும். பெயர் முழுவதையும் முதல் பெயர்க் கட்டத்திலேயே எழுதுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

நம்மில் பலருக்கு அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டாம். அழைக்கும் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, வீட்டுப் பெயரை அதில் போடுங்கள். போட்டுவிட்டு இரண்டு பெயராலும் தேடிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கிடைத்தால் அந்தச் செயலி நமக்கு ஆகாது.

உறவு முறைக்கும் கட்டம் உண்டு. ஐபோனில் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா எல்லாம் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் பட்டியல் சிறியது, ஆனால் நீங்களே தட்டச்சு செய்துகொள்ளலாம்.

[திரை: ஒரு பர்மியப் பெயர். எழுத்துகள் இடம் மாறி, புள்ளி வட்டங்களோடு சிதைந்து தெரிகிறது.]

இதைப் பார்த்திருப்பீர்கள். பல வருடம் முன்பு பர்மிய எழுத்தில் சேமித்த பெயர், புதுப் போனில் இப்படிக் குழம்பித் தெரியும். காரணம் ஜாஜி. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் பொது முறை யூனிகோடு. அது பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை ஜாஜி என்ற பழைய எழுத்துரு வேறு விதமாகப் பயன்படுத்தியது. நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-ஆம் தேதி. அதற்கு முன் தட்டியவை பல போன்களில் இன்னும் ஜாஜியாகவே கிடக்கின்றன. புது மென்பொருளில் ஏற்றினால் பார்க்கவும் முடியாது, தேடினாலும் கிடைக்காது. அதனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், பிறகு ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து திருத்த வேண்டிவரும்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. 09 என்று தொடங்கும் எண்ணை, பூஜ்யத்தை எடுத்துவிட்டு, கூட்டல்குறி 95 9 என்று மாற்றிச் சேமியுங்கள். பாங்காக்கில் இருக்கும் மகளுக்கு இந்தப் பட்டியலை அனுப்பினால், அவள் அங்கிருந்தே நேரடியாக அழைக்கலாம். வைபர் என்ற அழைப்புச் செயலியும் ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்கும்.

[திரை: நான்கு செயலிகளின் பெயர்கள், ஒன்றன்பின் ஒன்றாக.]

இனி மென்பொருள்கள். டெக்ஸ், க்ளே போன்றவை அழகானவை. லிங்க்ட்இன், மின்னஞ்சல், காலண்டர் இவற்றிலிருந்து விவரங்களைத் தாமே திரட்டிக்கொள்ளும். உங்கள் உலகம் லிங்க்ட்இன்னில் இருந்தால் பயன்படும். கோயில் கமிட்டித் தலைவரும் மாமியாரும் லிங்க்ட்இன்னில் இல்லை. டாலரில் சந்தா கட்ட வெளிநாட்டுக் கார்டும் வேண்டும். நம் வீடுகளுக்கு இவற்றை நான் சொல்ல மாட்டேன்.

மோனிகா வேறு வகை. 2017-இல் வந்தது. திறந்த மூலம், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, அதனால் உங்கள் சொந்தக் கணினியிலேயே காசில்லாமல் நிறுவிக்கொள்ளலாம். குடும்பத்தை மனதில் வைத்துச் செய்தது என்பது பார்த்த உடனே தெரியும். எப்படிப் பழக்கம், பிள்ளைகள், கடைசியாகப் பேசியது என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கொடுத்த பரிசு, வாங்கிய கடன் இரண்டுக்கும் தனித்தனி இடம். மொய் நோட்டை அப்படியே இதில் ஏற்றிவிடலாம். யார் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அந்த ஆளின் பக்கத்திலேயே நிற்கும். மனதுக்குப் பிடித்த மென்பொருள் இது. ஆனால் நிறுவுவதற்குக் கணினி கைப்பழக்கம் உள்ள ஒருவர் வீட்டில் வேண்டும், கரன்ட் போனால் அதுவும் போகும். அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எக்செல் பட்டியல் கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நன்கொடைக்கும் போதும். நினைவூட்டல் தராது.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது போனில் இருக்கும் கூகுள் கான்டாக்ட்ஸும் காலண்டரும்தான். குறிப்புக் கட்டம் இருக்கிறது, லேபிள் இருக்கிறது, நெட் இல்லாவிட்டாலும் போனில் திறக்கும், தவறி அழித்துவிட்டால் 30 நாளுக்குள் மீட்கலாம். "மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருச்சி அத்தையைக் கூப்பிடு" என்று காலண்டரில் போட்டால், அந்த விலையுயர்ந்த செயலிகள் செய்யும் முக்கியமான வேலை முடிந்துவிடுகிறது. இந்தியா நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது, காலை ஆறு மணிக்கு நினைவூட்டல் வைத்தால் அங்கே விடியற்காலை ஐந்து மணி. இதையும் பார்த்து வையுங்கள்.

ஒன்று மட்டும் இந்த மென்பொருள்கள் எதிலும் சரியாக வராது. திதி. பிறந்த நாளைத் தேதி போட்டு வைத்தால் ஆண்டுதோறும் வந்து நிற்கும். தாத்தாவின் திவசம் ஆவணி தேய்பிறை சப்தமி என்றால், அது ஒவ்வொரு ஆண்டும் வேறு தேதியில் விழும். அதனால் குறிப்பில் மாதம், பிறை, திதி மூன்றையும் எழுதுங்கள். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து, அந்த ஆண்டுக்குரிய தேதிகளைக் காலண்டரில் ஏற்றட்டும். இறந்தவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அழிக்க வேண்டாம். "காலமானவர்கள்" என்று ஒரு லேபிள் போட்டு அங்கே வையுங்கள். அவர்கள் வழியாகத்தான் மற்ற உறவுகள் புரியும்.

[திரை: "தொடர்புகளைப் படிக்க அனுமதிக்கவா?" என்று கேட்கும் சிறு பெட்டி.]

இந்தப் பெட்டியைப் பார்த்தால் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்குச் சரி என்று சொன்னால், அந்தச் செயலி புத்தகம் முழுவதையும் படிக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 18 முதல், எந்தெந்தப் பெயர்களைக் காட்டலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் புத்தகத்தில் இருப்பது உங்கள் விவரம் மட்டும் அல்ல, உங்களை நம்பி எண் கொடுத்தவர்கள் எல்லோருடைய விவரமும்.

குறிப்புகளில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் இன்னும் கவனம் தேவை. வழியில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிற காலம் இது. பிள்ளைகள் பெயர், உடம்புக்கு என்ன, எந்தக் கோயில், என்ன சாப்பிட மாட்டார் என்பதெல்லாம் எழுதுங்கள். யார் எந்தப் பக்கம், யார் எங்கே பணம் அனுப்பினார், எந்த வீட்டுப் பையன் எந்த வழியாக எல்லை தாண்டினான் என்பதை எந்த மென்பொருளிலும், எந்தப் பூட்டுக்குள்ளும் எழுதவே எழுதாதீர்கள்.

[திரை: கணினியில் ஏற்றுமதிப் பக்கம். "விகார்ட்" தேர்வு செய்யப்படுகிறது.]

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முழுவதையும் ஏற்றுவதற்கு முன்னால் பத்துப் பேரை மட்டும் போட்டுச் சோதியுங்கள். ஒரு ஊ, ஒரு டோ, இரட்டைப் பெயர்க்காரர் ஒருவர், தமிழ் எழுத்தில் ஒருவர், பர்மிய எழுத்தில் ஒருவர், பிறந்த ஆண்டு தெரியாத ஒரு பாட்டி எல்லோரும் அதில் இருக்கட்டும். பிறகு ஏற்றுமதி செய்து, வேறொரு போனில் திறங்கள். பழைய விகார்ட் வடிவத்தில் வந்தால் தமிழ்ப் பெயர் சமக்குறியும் எழுத்தும் எண்ணுமாக நீளமாகத் தெரியலாம். 3.0 அல்லது 4.0 வடிவம் தருகிறதா என்று பாருங்கள். ஆண்டு தெரியாத பாட்டியின் பிறந்த நாள் சில போன்களில் 1604 என்று வரும். ஆப்பிள் ஆண்டு இல்லாத தேதிக்குப் போட்டுவைக்கும் எண் அது, பயப்பட வேண்டாம், திருத்திவிடுங்கள். சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யமும் கூட்டல்குறியும் போய்விடும், தமிழும் சிதையலாம். இறக்குமதி வழியாக, எழுத்து வடிவத்துக்கு யூடிஎஃப் 8 என்று தேர்ந்தெடுத்து, எண் உள்ள பத்தியை உரை என்று குறித்துத் திறங்கள்.

பத்துப் பேரும் பெயரோடும் குறிப்போடும் சேதமில்லாமல் வந்துசேர்ந்தால் அந்த மென்பொருளில் மீதி எல்லோரையும் ஏற்றலாம். ஏற்றி முடித்ததும் அந்தக் கோப்பின் ஒரு நகலை நாட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளையிடமும், இன்னொன்றை மெமரி கார்டில் போட்டு வீட்டிலும் வையுங்கள். தைப்பூசத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று இரண்டையும் புதுப்பித்தால் போதும்.